சாரல் காலத்துப் பூசை

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, தென்காசி மிக்கேல் கோயிலுக்குக் காலைப் பூசைக்குப் போனால் சாம்பிராணி வாசம் பிறகுதான் வரும். முதலில் வருவது நல்லெண்ணெய் வாசம். விடியுமுன் குற்றாலம் பேரருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, துவட்டியும் துவட்டாத ஈரத்தலையோடு ஓடிவந்து நிற்பார்கள் வெளியூர்க்காரர்கள். தூத்துக்குடியிலிருந்து வந்திருப்பார்கள், நாகர்கோவிலிலிருந்து வந்திருப்பார்கள், ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப்பக்கத்திலிருந்து மலையாளம் பேசிக்கொண்டு வந்திருப்பார்கள். முழங்கால் போட்டு எழுந்த இடத்தில் தரை ஈரமாகக் கிடக்கும். ஜன்னல் வழியாகச் சாரல் வந்து ஓரத்தில் இருப்பவர்களின் தோளை நனைக்கும். யாரும் நகர்ந்து உட்கார மாட்டார்கள்.

நான் 1956இல் பிறந்தவன். அப்பா ரயில்வேயில் தென்காசி ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. நான் விவரம் அறிந்த நாளில் இருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆச்சியின் விரலைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போவதுதான். அப்பாவைப் பெற்ற ஆச்சி. கோயில் என்றுதான் நாங்கள் சொல்வோம். எங்கள் தெருவில் மற்றவர்கள் வேதக்கோயில் என்பார்கள். ஆலயம், தேவாலயம் என்பதெல்லாம் நோட்டீஸில் அச்சடிக்கிற வார்த்தைகள்.

பூசை முடிந்ததும் ஆச்சி வீட்டுக்குக் கிளம்ப மாட்டாள். வாசல் தூணோரம் நின்றுகொண்டு ஈரத்தலைக்காரர்களை மடக்குவாள்.

"எந்த ஊரு தாயி?"

"கள்ளிகுளம் ஆச்சி."

"பனிமாதா கோயிலா? அங்க யாரு வீடு?"

அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்துக்குள் அந்தப் பெண்ணின் பெரியம்மாவுக்கு ஞானத்தாயாக நின்றவளின் தங்கை யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பது வரை பேச்சு போயிருக்கும். கடைசியில் ஏதோ ஒரு முடிச்சு எங்கள் குடும்பத்தோடு வந்து விழும். விழாமல் போனதாக எனக்கு நினைவே இல்லை. அருவிக்கு வந்த இடத்தில் சொந்தம் கிடைத்துவிட்ட திகைப்போடு அவர்கள் பஸ் ஏறுவார்கள்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருஷத்தை எண்ணில் சொல்லத் தெரியாது. தாது வருஷப் பஞ்சம், காலரா வந்த வருஷம், விஷக்காய்ச்சல் வருஷம் என்பவைதான் அவளுடைய நாட்காட்டி. ஆனால் ஒரு ஆளைப் பற்றி மூன்று விஷயங்களை அவள் தப்பாகச் சொல்லிக் கேட்டதில்லை: ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் யார், ஞானப்பெற்றோர் யார், அந்த ஊர்க் கோயில் திருவிழா என்றைக்கு. எங்கள் சபையின் வரலாற்றை நான் முதலில் படித்த புத்தகம் அவள்தான்.

அவளுடைய பிறந்த ஊரும் புகுந்த ஊரும் ஒன்றே. சங்கரன்கோவில் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். காரணம் பின்னால் விளங்கும். தாத்தா இறந்த பிறகு அப்பாவோடு தென்காசிக்கு வந்தாள். வந்தவளுக்கு மலையும் பிடித்தது, சாரலும் பிடித்தது, மிக்கேல் சம்மனசும் பிடித்தது. காலடியில் பசாசை மிதித்துக்கொண்டு வாளோடு நிற்கிற சம்மனசைப் பார்த்து, "இவரு இருக்கும்போது நமக்கு என்ன?" என்பாள். செப்டம்பர் மாதத் திருவிழாவில் தேர் வரும்போது உப்பும் மிளகும் வாங்கி என் கையில் கொடுத்துப் போடச் சொல்வாள். பக்கத்து வீட்டு இந்து அக்காமாரும் பொட்டலத்தோடு நிற்பார்கள். தேர் எங்கள் தெரு திரும்பும்போது வானத்தில் காசி விசுவநாதர் கோயிலின் மொட்டைக் கோபுரம் கறுப்பாக நிற்கும். 1924இல் தீயில் சிதைந்த அந்தக் கோபுரம் என் சிறுபிராயம் முழுக்க அப்படியேதான் நின்றது. ஒன்பது நிலையோடு அது மறுபடி எழுந்தது 1990இல்.

பத்து வயதில் ஒருமுறை ஆச்சி என்னைக் குருக்கள்பட்டிக்குக் கூட்டிப்போனாள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடுகிற தூரம். வீரமாமுனிவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பாடம் இருந்தது. இத்தாலி நாட்டுக்காரர், தேம்பாவணி எழுதினார், சதுரகராதி செய்தார் என்று வாத்தியார் நடத்தியிருந்தார். அந்த மனிதர் எங்கள் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் உயிர் போகிற நிலையில் கிடந்தார் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

வீரமாமுனிவரின் இயற்பெயர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. 1680இல் பிறந்தவர், இயேசு சபையில் சேர்ந்து, 1710இல் கோவாவில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். கரிசல் பூமியில் அப்போது பெரிய தளம் காமநாயக்கன்பட்டி. குருமார்களுக்கு இடையூறு செய்கிறவர்கள் அரசருக்குத் துரோகம் செய்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்று எட்டையபுரத்து அரசர் கல்லில் வெட்டி வைத்த ஊர் அது. ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருநாளுக்கு இன்றும் எங்கள் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாகப் போகிறார்கள். பெஸ்கி அங்கே இருந்து பணி செய்தார். குருக்கள்பட்டியில் பிடிபட்டது 1714-15 வாக்கில். மரண தண்டனை வரை போய்த் தப்பினார். அதற்குப் பிறகுதான் 36 படலங்களில் 3,615 பாடல்களாகத் தேம்பாவணி வந்தது, 1732இல் சதுரகராதி வந்தது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் நாம் இன்று போடுகிற வேறுபாடு வந்தது. குருக்கள்பட்டியில் அன்று அந்தத் தலை விழுந்திருந்தால் தமிழ் எவ்வளவு இழந்திருக்கும் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு ஆச்சி சொன்ன கதையில் தேம்பாவணியே இல்லை.

"பெரிய சாமியாரப் பிடிச்சு அடைச்சிட்டாவ. சனம் அப்படியே வெயில்ல உக்காந்துருச்சு. அடுப்பு மூட்டலே. சின்னப் புள்ளைக்குக்கூடக் கஞ்சி காச்சலே. 'நீங்க போங்க, உங்களையும் அடிப்பாவ'ன்னு சாமியார் சொல்லி அனுப்புனாராம். ஒருத்தரும் போகலையே!"

அவளுக்கு அவள் ஆச்சி சொன்னது. அந்த ஆச்சிக்கு அவளுடைய ஆச்சி. இதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை, வீட்டுக் கதையாகத்தான் சொல்கிறேன். புத்தகங்கள் எல்லாம் சாமியாரைப் பற்றி எழுதியிருக்கின்றன. ஆச்சி சனத்தைப் பற்றிச் சொன்னாள். அன்று முதல் எந்தக் கோயிலுக்குப் போனாலும், கட்டினவர் பெயர் பொறித்த கல்லைப் படித்து முடித்ததும், அந்தச் சுவருக்குள் முழங்கால் போட்டவர்கள் யார் யார் என்றுதான் என் மனம் தேடுகிறது.

அந்தச் சனம் எவ்வளவு பெரிய காரியம் செய்தது என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது. 1759இல் போர்ச்சுக்கல் அரசு இயேசு சபையாரைத் துரத்தியது. 1773இல் பாப்பரசரே அந்தச் சபையைக் கலைத்துவிட்டார். 1814இல் சபைக்கு மறுபடி உயிர் வந்தாலும், பெர்த்ரான், கார்னியே, மார்த்தேன், து ரான்கே என்ற நான்கு பிரெஞ்சு சாமியார்கள் மதுரை மிஷனுக்கு வந்து சேர 1837-38 ஆகிவிட்டது. இடையில் இரண்டு மூன்று தலைமுறை. கோவாவிலிருந்து வந்த குருக்கள் இருந்தார்கள். ஆனால் நூறு மைலுக்கு ஒருவர் என்றால் ஒரு ஊர் அவரை எத்தனை முறை பார்க்கும்? "சாமியார் வருஷத்துக்கு ஒருதரம் வருவாவ, வந்தா அஞ்சு நாளு" என்று ஆச்சி சொன்னது அந்தக் காலத்தின் மிச்சம். பாவசங்கீர்த்தனம், கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாம் அந்த ஐந்து நாளைக்குள். மற்ற முந்நூற்று அறுபது நாளும்?

உபதேசியார் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சனத்தைக் கூட்டி மந்திரம் சொல்ல வைப்பது அவர். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்றுக் கொடுப்பது அவர். சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து நல்ல மரண மந்திரம் படிப்பது, குழி வெட்டச் சொல்லி அடக்கம் செய்வது, பிறந்த குழந்தை தங்காது என்று தெரிந்தால் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவரே. கோயிலும் பெரும்பாலும் மண்சுவர், பனையோலைக் கூரைதான். ஆச்சியின் பூட்டனார் அப்படி ஒரு உபதேசியார். அவருக்குச் சம்பளமாக அறுவடைக் காலத்தில் வீட்டுக்கு ஒரு மரக்கால் சோளம். அவர் கையெழுத்தில் ஒரு வரி கூட எங்களிடம் இல்லை. அவர் ஓதவைத்த மந்திரங்கள் மட்டும் ஆச்சியின் வாயில் இருந்தன.

அந்த மந்திரங்களின் தமிழே வேறு. சர்வேசுரன், சம்மனசு, அர்ச்சியசிஷ்டவர், தேவத்திரவிய அனுமானம், பிரியதத்தம் என்று வடமொழி ஒரு பக்கம். இஸ்பிரீத்து சாந்து, குருசு, பாஸ்கு, கொம்பிரி என்று போர்ச்சுக்கீசியம் ஒரு பக்கம். சிறுவயதில் இதெல்லாம் ஆச்சியின் பாஷை என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். அப்பாவின் ஸ்டேஷனில் நின்று கொல்லம் போகிற ரயில்தான் என் அறியாமையைப் போக்கியது என்று சொல்ல வேண்டும். 1904இல் மலையைக் குடைந்து போட்ட பாதை அது. ஒருமுறை அப்பாவோடு கொல்லம் போனபோது, கூட வந்த ஒரு தமிழாசிரியர் சொன்னார்: "தம்பி, இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் இந்த ஊரில்தான் அச்சாச்சு." தம்பிரான் வணக்கம். 1578 அக்டோபர் 20. அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர்கள் அழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் செய்தது. பதினாறே பக்கம். அதில் இருப்பது மந்திரமும் ஞானோபதேசமும். அந்தப் பதினாறு பக்கத்திலிருந்து கிளம்பிய ஒரு மொழி, முந்நூற்றுத் தொண்ணூறு வருஷம் கழித்து, எழுத்தறியாத ஒரு கிழவியின் வாயில், தென்காசியில் ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸ் திண்ணையில், தினமும் இரவு ஏழு மணிக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. நான் அதை ஒரு நாள்கூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

அறுபதுகளின் நடுவில் பூசை தமிழுக்கு வந்தது. அதுவரை லத்தீன். பீடச்சிறுவனாக இருந்த நான் லத்தீன் பதில்களைத் தமிழெழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தவன். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்த பிறகு சாமியார் சனத்தைப் பார்த்துத் திரும்பி நின்று தமிழில் பூசை வைத்தார். முதல் நாள் ஆச்சி அழுதாள். "இம்புட்டு நாளா இதையா சொல்லிக்கிட்டிருந்தாவ!" என்றாள். பிறகு சொற்களும் மாறின. பூசை திருப்பலி ஆயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று, சம்மனசு வானதூதர் ஆனார், சர்வேசுரன் இறைவன் ஆனார். 1969இல் திருநாள் காலண்டரையே திருத்தி, செப்டம்பர் 29ஐ மிக்கேல், கபிரியேல், ரபேல் மூவருக்கும் பொதுவாக்கினார்கள். நல்ல தமிழ் வேண்டும் என்று செய்தது சரிதான். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பழைய சொல் போகும்போது அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் நினைவையும் நாம் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் விட்டோம். ஆச்சி கடைசி வரை பழைய மந்திரத்தையே சொன்னாள். பேரப்பிள்ளைகள் புதியதைச் சொன்னோம். ஒரே திண்ணையில் இரண்டு குரல்.

1968இல் அத்தை முறையில் ஒருத்திக்கு வடக்கன்குளத்தில் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு அது தாய்வீடு மாதிரி. 1680களில் வேர்விட்ட சபை. நீலகண்ட பிள்ளை 1745 மே 14 அன்று புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனது அங்கேதான். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுடப்பட்டு இறந்த அவரை 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவித்தபோது நான் டி.வி. முன்னால் முழங்கால் போட்டேன். 1968இல் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? அன்று என்னை உலுக்கியது அந்தக் கோயிலின் வடிவம். பீடம் ஒன்று. அதை நோக்கி வருகிற நடுக்கூடங்கள் இரண்டு, கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி. ஏன் இப்படி என்று கேட்டேன். பெரியவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

பதிலைப் பிறகு படித்தேன். வெள்ளாளரும் நாடாரும் ஒரே கூடத்தில் சேர்ந்து பூசை காண முடியாது என்ற சண்டைக்கு ஏற்பாடாக 1872இல் அப்படிக் கட்டினார்கள். நடுவில் தடுப்பு. 1910இல் அட்ரியன் கௌசானல் என்ற பிரெஞ்சு சாமியார் அந்தத் தடுப்பை இடித்தார். எங்களுக்கு உரிமையான இடத்தைத் திருப்பிக் கொடு என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டது. மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த் என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை அந்த வழக்கு போய்த் தோற்றது. கடவுளின் பெயரைச் சொல்லி ஞானஸ்நானம் பெற்றவர்கள், பக்கத்தில் உட்காராமல் இருக்கும் உரிமைக்காகக் கோர்ட்டில் நின்றார்கள். இதை மறைத்து எழுதுகிற கோயில் வரலாற்றை நான் வரலாறு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆச்சி தானாகச் சொன்னாள், தணிந்த குரலில்: "நம்ம ஊர்ல கோயிலுக்குள்ள சுவரு இல்லய்யா. கல்லறைத் தோட்டத்துலதான் ஒரு முள்வேலி." வேறு பேச்சுக்கு அவள் இடம் கொடுக்கவில்லை.

ஆச்சி 1974இல் போய்விட்டாள். அதற்கு முந்திய ஆண்டுதான் பாளையங்கோட்டை தனி மறைமாவட்டம் ஆகி, எங்கள் கோயிலும் மதுரையிலிருந்து பிரிந்து அதில் சேர்ந்திருந்தது.

பத்து வருஷம் கழித்து, 1984இல், நிலப் பாகப்பிரிவினைக்காக அப்பாவின் பிறப்பு ஆதாரம் தேவைப்பட்டது. பஞ்சாயத்தில் பதிவு இல்லை. ஞானஸ்நானச் சான்று போதும் என்றார்கள். ஆச்சியின் ஊருக்குப் போனேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை என்னைச் சாக்கிரீஸ்து அறைக்குள் கூட்டிப்போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். அந்துருண்டை வாசம். துணி அட்டை போட்ட நீள நோட்டு. தலைப்புகள் லத்தீனில் அச்சடித்திருந்தன. உள்ளே பழுப்பேறிய மையில் சரிந்த பிரெஞ்சுக் கையெழுத்து. வரிசை எண், தேதி, பெயர், தாய் தகப்பன், சாதி, ஞானப்பெற்றோர், கொடுத்தவர். பூச்சி அரித்த ஓட்டைகள் ஒரு பக்கத்தில் தொடங்கி ஏழெட்டுப் பக்கம் தாண்டிப் போயின. அவர் விரலில் எச்சில் தொடாமல் ஒவ்வொரு தாளையும் ஓரம் பிடித்துத் திருப்பினார். அந்த மரியாதையை நான் இன்றும் மறக்கவில்லை.

1927இல் அப்பா கிடைத்தார். வேண்டியதைக் குறித்துக்கொண்டேன். எழுந்திருக்க மனம் வராமல் பின்னோக்கிப் புரட்டினேன். 1918 வந்தது. விஷக்காய்ச்சல் வருஷம். உலகம் முழுக்க இன்ஃப்ளூயன்சாவில் ஜனங்கள் செத்த அந்த வருஷத்தின் கடைசி மாதங்களில் நோட்டில் ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. மரண ஆபத்தில் கொடுத்தது என்று கோயில்பிள்ளை அர்த்தம் சொன்னார். அந்த வரிகளில் ஒன்றில் தாத்தா பெயர் இருந்தது. பக்கத்தில் ஆச்சி பெயர். பெண் குழந்தை. மரியாள். பிறந்ததும் ஞானஸ்நானமும் ஒரே தேதி. ஓரத்தில் ஒரு சிறிய சிலுவைக் குறி.

அப்பாவுக்கு ஒரு அக்காள் இருந்திருக்கிறாள். அப்பாவுக்கே தெரியாது. ஊரில் யார் யாருக்கு ஞானத்தாய் என்று விரல்விட்டுச் சொன்ன ஆச்சி, தன் தலைப்பிள்ளையைப் பற்றி ஐம்பத்தாறு வருஷம் ஒருவரிடமும் சொல்லவில்லை.

கொடுத்தவர் என்ற கட்டத்தில் சாமியார் பெயர் இல்லை; உபதேசியார் பெயரும் இல்லை. ஒரு பெண்ணின் பெயர். "ஆபத்துன்னா யாரும் கொடுக்கலாம்லா. இது மருத்துவச்சி" என்றார் கோயில்பிள்ளை. கொஞ்சம் பொறுத்து, "வேலிக்கு அந்தப்பக்கத்து ஆளு" என்றார்.

நான் எழுந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். உடைமுள்ளை வெட்டிப் போட்டிருந்த வேலி இடுப்பளவு நின்றது. இந்தப்பக்கம் எங்கோ, கல் கூட நடாத ஒரு சாண் குழியில், என் அத்தை. அந்தப்பக்கம் எங்கோ, அவள் தலையில் தண்ணீர் ஊற்றி அவளுக்குப் பெயரிட்ட பெண். வேதத்தில் அவளைச் சேர்த்த கை எதுவோ, அதை அவள் பக்கத்தில் புதைக்க அந்த ஊர் சம்மதிக்கவில்லை. இரண்டு பக்கமும் முழங்கால் போட்டுவிட்டுத் தென்காசி பஸ் ஏறினேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த நவம்பர் 2, ஆத்துமாக்கள் திருநாளில், பூசை ஒப்புக்கொடுக்கக் கொடுத்த சீட்டில் மரியாள் என்று ஒரு பெயரும், அதன் கீழே அந்த மருத்துவச்சியின் பெயரும் அவர் கைப்பட எழுதியிருந்தார்.

கையில் கேமரா வந்த பிறகு, 2011இல், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைக்கலாம் என்று மறுபடி போனேன். பழைய கோயில் இல்லை. ஓட்டுக்கூரையை இடித்து, கோபுரம் வைத்துக் கான்கிரீட்டில் புதிதாகக் கட்டியிருந்தார்கள். முள்வேலியும் இல்லை, ஊரார் தாங்களாகவே பிடுங்கிவிட்டு முழுத் தோட்டத்துக்கும் ஒரே சுற்றுச்சுவர் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து நெஞ்சு குளிர்ந்தது. நோட்டைக் கேட்டேன். கட்டட வேலை நடந்தபோது தகரப் பெட்டியை வெளித் திண்ணைக்கு மாற்றினார்களாம். ஒரு ஐப்பசி மழை. பிறகு கரையான். பெட்டியோடு போய்விட்டது. கோயில்பிள்ளையும் இறந்திருந்தார். புதிய கோயிலுக்கு எத்தனை லட்சம் ஆயிற்று என்று கணக்குப் பலகையில் எழுதியிருந்தார்கள், கொடுத்தவர்கள் பெயரோடு. அவர்களும் அன்போடு கொடுத்தவர்கள்தான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதனால்தான் ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஆனால் என் அத்தை மரியாள் இந்தப் பூமியில் ஒரு நாள் இருந்தாள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த ஒரு வரி. இப்போது அது என் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. எனக்கும் வயதாகிவிட்டது.

தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலை 1446இல் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், இக்கோயிலுக்குப் பின்னாளில் குறை வந்தால் அதைத் திருத்திக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று பாட்டாகவே கல்லில் வெட்டி வைத்தான். ராஜா சொன்னது கல்லில் நின்றது. எங்கள் உபதேசியார்களும் மருத்துவச்சிகளும் கல்லில் எழுதும் வசதி இல்லாதவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது நோட்டில் ஒரு கட்டம், அதுவும் அவர்கள் கையெழுத்தில் அல்ல.

கோயிலைப் புதுப்பிக்கத் திட்டமிடும் ஊரார் முதலில் நோட்டுகளை உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். சாமியாரிடம் அனுமதி பெற்று ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். இன்று செல்போன் இல்லாத வீடு எது? இதற்கு ஒரு இளைஞர் குழுவுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். இயேசு சபையார் பழைய மதுரை மிஷன் காகிதங்களைக் கொடைக்கானல் செண்பகனூர் ஆவணக்காப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். ஒரு காகிதம் இருநூறு வருஷம் இருக்க முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. உங்கள் வீட்டில் பழைய மந்திரம் தெரிந்த ஆச்சி இருந்தால் இன்றைக்கே ஒலிப்பதிவு செய்யுங்கள். நான் செய்யத் தவறியது அது.

இப்போது ஒவ்வொரு சீசனிலும் பூசை முடிந்து அதே வாசல் தூணோரம் நான் நிற்கிறேன். ஈரத்தலையோடு வருகிறவர்களிடம் எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீடு என்று கேட்கிறேன். ஆச்சி கேட்காத நாலாவது கேள்வி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. இதைப் படிக்கிற உங்களிடமும் அதையே கேட்கிறேன்: உங்கள் ஊர்க் கோயிலின் பழைய ஞானஸ்நான நோட்டு இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறது? வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போய்ப் பாருங்கள்.